அட்டையில் இல்லாத வரி

என் சித்தப்பா மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். சாவி வெட்டும் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில், ஒரு கட்டிலைப் போட்டால் கதவை மூட முடியாத அளவுக்கு இடம். முன்பக்கம் ஃப்ரேம்கள் மாட்டிய சுவர், ஒரு பெஞ்சு, ஒரு நிலைக்கண்ணாடி. நடுவில் பச்சைத் திரை. திரைக்குப் பின்னால் சோதனை நாற்காலி, அதற்கும் பின்னால் லென்ஸ் தேய்க்கும் இயந்திரம். கல்லூரி முடிந்ததும் "வேலை கிடைக்கிற வரைக்கும்" என்று சொல்லிக்கொண்டு இங்கே வந்தேன். எனக்கு வேலை கிடைக்கவில்லை என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் தேடவே இல்லை என்பது சித்தப்பாவுக்கு மட்டும் தெரியும்.

தேடாமல் இருந்ததற்குக் காரணம் வாசிப்பு அட்டை.

கிட்டத்து எழுத்து மங்குகிறது என்று வருகிறவர்கள் கையில் ஒரு அட்டையைக் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்வது கடை வழக்கம். மேலே இருக்கும் பத்தியில் எழுத்து கட்டைவிரல் நகம் அளவுக்கு இருக்கும். கீழே போகப் போகச் சிறுத்து, கடைசிப் பத்தி கடுகைக் கொட்டியதுபோல இருக்கும். படிக்கிறவரின் நாக்கு எந்த வரியில் தடுக்குகிறதோ அதைக் கேட்டு சித்தப்பா பவர் சொல்வார். பழைய அட்டையில் மழை பெய்தது, நிலம் நனைந்தது, புல் முளைத்தது, மாடு மேய்ந்தது. அந்த மாடு இருபது வருஷமாக மேய்ந்துகொண்டே இருந்தது. ஒருநாள் சித்தப்பாவே அதன்மேல் டீயைக் கொட்டிவிட்டார்.

"நீயே ஒண்ணு அடிச்சுக் கொண்டா" என்றார்.

அவர் மாட்டைத்தான் கேட்டார். எனக்கு அது தெரியும். ஆனால் நான் மொழிபெயர்ப்பு நாவல்களில் குடியிருப்பவள். காலையில் பஸ் ஏறும்போது ஒரு நாட்டில் இருப்பேன், இறங்கும்போது இன்னொரு நாட்டில் இருப்பேன். ஓட்டுநர் மட்டும் அதே ஆள். அந்த வாரம் நான் இருந்த நாவலில் ஓர் உப்பளத்து ஊரில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, தன் அண்ணன் பெயரில் ஒரு பத்திரிகைக்குக் கதைகள் அனுப்பிக்கொண்டிருந்தாள். அதையே என் வார்த்தைகளில் சுருக்கி அட்டையில் போட்டுவிட்டேன். பெரிய எழுத்தில் உப்பளம் வந்தது. நடு எழுத்தில் கதைகள் அச்சாகி அண்ணனுக்குப் பாராட்டு வந்தது. கடுகு எழுத்தில் இப்படி முடிந்தது: 'பத்திரிகை ஆசிரியர் அந்த இளம் எழுத்தாளனைப் பார்க்க நேரில் வந்துவிட்டார். கதவு தட்டப்பட்டது. அவள் கையெல்லாம் மை. அண்ணன் வீட்டில் இல்லை.'

சித்தப்பா அட்டையைப் பார்த்தார். "இது என்ன, சீரியலா?"

"படிக்கிறவங்களுக்குக் கொஞ்சம் சுவாரசியமா இருக்கட்டுமே."

"கடைக்கு வர்றவன் சுவாரசியத்துக்கா வர்றான்? கதை நல்லா இருந்தா அடுத்து என்ன வரும்னு மனசு முந்திக்கும். கண்ணு பார்க்காததையும் வாய் சொல்லிடும்."

"மாட்டையும்தான் ஊகிக்கலாம். புல்லு முளைச்சா பின்ன என்ன, புலியா வரும்?"

"ஊகிக்கலாம். ஆனா அந்த மாட்டுமேல யாருக்கும் அவ்வளவு அக்கறை இல்ல." அட்டையை ஆணியில் மாட்டினார். "சரி, போனாப் போகுது. ஆனா ஒண்ணு. இந்த அட்டையால ஒரே ஒரு ஆளுக்குப் பவர் தப்பாப் போச்சுன்னாலும் அட்டை குப்பைத்தொட்டிக்கு, நீ வேலை தேட. சம்மதமா?"

"சம்மதம்" என்றேன். எனக்கு அப்போது எதற்கும் சம்மதம்தான்.

மூன்று மாதம் அட்டை சக்கைப்போடு போட்டது. குழாய் ரிப்பேர் அண்ணன் கடைசி வரியை முடித்துவிட்டு, லென்ஸ் சொருகிய சோதனைச் சட்டத்தைக் கழற்றாமலே திரைக்கு வெளியே வந்து, "அப்புறம் என்னம்மா ஆச்சு? மாட்டிக்கிட்டாளா?" என்று கேட்டார். நிலைக்கண்ணாடிக்குக் கீழே என் புத்தகங்களுக்கு ஒரு தட்டு போட்டிருந்தேன். அதிலிருந்து உப்பளத்து நாவலை எடுத்துக் கொடுத்தேன். புதுக் கண்ணாடிக்கு முதல் வேலை கிடைத்தது. பக்கத்துத் தையல்காரர் அதை முடித்துவிட்டு, அதேபோல வேறு ஏதாவது உண்டா என்றார். அதேபோலத்தான் என்னிடம் நிறைய இருந்தது: தான் யார் என்று தேடித் திரியும் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளின் கதைகளும், எழுதத் தொடங்கி வீட்டில் திட்டு வாங்குகிறவர்களின் கதைகளும். அந்த வயதுக்காரர்களுக்காக எழுதப்பட்டவை. எடுத்துப் போனவர்களோ வழுக்கையும் நரையுமாக இருந்தார்கள். இந்தத் தட்டுக்கு நிஜமான பதினைந்து வயது ஒன்று எப்போது வரும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். அந்த வயதில் கிட்டத்து எழுத்துக்குக் கண்ணாடி தேடி வருகிறவர்கள் குறைவு.

ஒரு சனிக்கிழமை வந்தாள்.

அவளைக் கூட்டிக்கொண்டு வந்தது அவள் அம்மா, பள்ளி வேன் ஓட்டும் அக்கா. இந்தத் தெருப் பிள்ளைகள் பாதிப்பேர் அந்த வேனில்தான் போகிறார்கள். ஹாரன் அடிக்காமல் குரலாலேயே தெருவை விலக்கக்கூடியவர்.

"அண்ணே, இவளுக்குக் கண்ணு பாருங்க" என்று வாசலிலேயே தொடங்கினார். "புத்தகத்தை எடுத்தா தலைவலிங்கறா. வகுப்புல எந்திரிச்சுப் படிக்கச் சொன்னா, புத்தகத்துல ஒண்ணு இருக்க, இவ வேற ஒண்ணு படிக்கறாளாம். டீச்சர் கூப்பிட்டுச் சொல்றாங்க. வீட்டுல இவளுக்குப் பேரே புளுகிதான்."

புளுகி தாயின் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். அந்தப் பெயர் அவளுக்கு உறைத்ததாகவே தெரியவில்லை. வேன் சீட்டில் ஒட்டிய பழைய ஸ்டிக்கர்போல அவள்மேல் இருந்தது.

"உட்காருங்க, முன்னால ரெண்டு பேர் இருக்காங்க" என்றார் சித்தப்பா.

அந்த இரண்டு பேரும் திரைக்குப் பின்னால் போய் ஒருவர் பின் ஒருவராக அட்டையை உரக்கப் படித்தார்கள். பெஞ்சில் புளுகி கன்னத்தில் கை வைத்துத் திரையைப் பார்த்தபடி இருந்தாள். பச்சைத் துணிதானே, ஒரு சொல் விடாமல் கேட்கும். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. அவளுக்கு எந்தப் புத்தகத்தைக் கொடுக்கலாம் என்ற யோசனையில் இருந்தேன்.

அவள் முறை வந்தது. தூரத்து எழுத்துகளை எல்லாம் கடகடவென்று சொல்லிவிட்டாள். கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்கும் கருவி அந்த வாரம் பழுது பார்க்கப் போயிருந்தது. ஆகவே சித்தப்பா நேராக அட்டையை நீட்டினார். அவள் படித்தாள். என்ன அழகாகப் படித்தாள்! உப்பளத்தின் வெயில் அவள் குரலில் சுட்டது. எழுத்து சிறுத்துக்கொண்டே போனது, அவள் குரல் சிறுக்கவில்லை. கடுகு எழுத்துக்கு வந்தாள்.

"அவள் கையெல்லாம் மை. அண்ணன் வீட்டில் இல்லை. அவள் சமையலறைக்கு ஓடி மாவுப் பாத்திரத்துக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டாள். உள்ளே வாருங்கள், அண்ணன் தூங்குகிறார் என்றாள்."

சித்தப்பா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கதையைக் கேட்பவர் இல்லை, தடுக்கலை மட்டும் கேட்பவர். கண்ணைத் திறந்தார். "ஒரு இடத்துலகூட நிக்கலையே. கண்ணு கழுகுக் கண்ணும்மா. கண்ணாடியே வேண்டாம்."

வேன் அக்காவின் முகத்தில் நிம்மதி வரவில்லை. "பார்த்தியாடி? கண்ணுல ஒண்ணும் இல்ல, எல்லாம் கள்ளம். வீட்டுக்கு வா."

புளுகி போகும்போது என் புத்தகத் தட்டை ஒரு நொடி பார்த்தாள். பிறகு, அது தனக்கான கடை இல்லை என்பதுபோலத் திரும்பிக்கொண்டாள்.

திங்கள்கிழமை தையல்காரர் வந்தார். வலது கண்ணுக்கு லென்ஸ் மாற்ற வேண்டும். அட்டையைப் படித்தார். "அண்ணன் வீட்டில் இல்லை" என்று முடித்துவிட்டுக் கொட்டாவி விட்டார்.

நான் திரைக்கு வெளியே ஃப்ரேம்களைத் துடைத்துக்கொண்டே காத்திருந்தேன். "மாவு?" என்றேன்.

"எந்த மாவு?"

"கையை மாவுல விடுவாளே..."

"பாப்பா, நான் அந்தப் புத்தகத்தையே படிச்சவன். அதுல மாவும் இல்ல, பலகாரமும் இல்ல."

திரையை விலக்கிக்கொண்டு போய் அட்டையைப் பார்த்தேன். நானே அடித்த அட்டை. 'அண்ணன் வீட்டில் இல்லை', முற்றுப்புள்ளி, அதற்குக் கீழே வெள்ளை. மதியம் நாவலை எடுத்துப் புரட்டினேன். அதில் கதவு தட்டப்பட்டதும் அவள் பின் ஜன்னல் வழியாகக் குதித்து ஓடுகிறாள். மாவுப் பாத்திரம் உலகத்தில் எங்குமே இல்லை. அது அந்தப் பெண்ணின் வாய்க்குள் பிறந்து, நான் படித்த ஞாபகம்போல என் மண்டைக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அவள் எதையுமே படிக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து கேட்டதைச் சொல்லியிருக்கிறாள். அட்டை எங்கே முடிகிறது என்று தெரிந்தால்தானே நிறுத்த முடியும்? எழுத்து கண்ணுக்குத் தெரியாததால் கதையை நிறுத்தவில்லை.

சாப்பாட்டு டப்பாவை முன்னால் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஒரு கவளத்தைக்கூட எடுக்கவில்லை. இதை சித்தப்பாவிடம் சொன்னால் அட்டை போகும். அட்டை போனால் "அப்புறம்?" என்று கேட்க ஆள் வராது. நான் ஏதாவது ஓர் அலுவலகத்தில் கழுத்தில் அடையாள அட்டையோடு உட்கார்ந்திருப்பேன். சொல்லாவிட்டால் எனக்கு ஒன்றும் ஆகாது. அவள் மட்டும் கழுகுக் கண்ணோடும் தலைவலியோடும் புளுகியாகவே இருப்பாள். நான் படித்த அத்தனை நாவல்களிலும் இப்படி ஓர் இடம் வரும். அந்த இடத்தில் நான் எப்போதும் கதாபாத்திரத்தைப் பார்த்து 'சொல்லித் தொலையேன்' என்று பல்லைக் கடித்திருக்கிறேன்.

சித்தப்பா இயந்திரத்தில் ஒரு லென்ஸைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் சொட்டும் சத்தத்துக்கு மேலே, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் விளிம்பு முழுக்கத் தேய்த்து முடிக்கும்வரை நிமிரவில்லை. லென்ஸைத் துடைத்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், உறைக்குள் போட்டார்.

"அவங்கம்மா நம்பர் இருக்கா?"

"இருக்கு."

"கூப்பிடு." பிறகு, "அட்டையைக் கழட்டு" என்றார்.

கழற்றினேன். ஆணி மட்டும் இருந்தது.

மாலையில் வேனைக் கடை வாசலிலேயே நிறுத்திவிட்டு இருவரும் வந்தார்கள். சித்தப்பா அவள் கையில் கொடுத்தது, ஃப்ரேம் உதிரிப் பாகங்கள் வரும் பெட்டிக்குள் இருக்கும் விவரத்தாள். பொடி எழுத்தில் அச்சடித்தது. அவரைத் தவிர இந்த உலகத்தில் யாரும் அதை முழுக்கப் படித்திருக்க வாய்ப்பில்லை.

"படிம்மா."

புளுகி தாளை நீட்டிப் பிடித்தாள், கிட்டே கொண்டுவந்தாள். "திருகாணி..." என்று தொடங்கினாள். தலைப்புகள் மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்து. "திருகாணி சின்னதுதான், ஆனா அதுக்கு ரோஷம் ஜாஸ்தி."

சித்தப்பாவின் மீசை துடித்தது. "ம், அப்புறம்?"

"ஒருநாள் அது கோவிச்சுக்கிட்டுக் கீழே விழுந்துச்சு. மூக்குத்தாங்கி, 'எங்கடா போன'ன்னு அழுதுச்சு."

"அடியே!" என்றார் வேன் அக்கா.

"அக்கா, இருங்க." சித்தப்பா முக்காலியை இழுத்து அவள் எதிரில் உட்கார்ந்தார். "கண்ணு, அங்க நிஜமா என்ன தெரியுது?"

அவள் தாளை மடியில் கவிழ்த்தாள். "எறும்பு" என்றாள். "மொதல்ல எழுத்தா இருக்கும். கொஞ்ச நேரத்துல ஊர ஆரம்பிச்சிடும். எல்லாரும் சீக்கிரம் படி, சீக்கிரம் படின்னு சொல்றாங்க. அதான் எது வந்தா நல்லா இருக்குமோ, அதைச் சொல்லிடுவேன்."

சித்தப்பா சோதனைச் சட்டத்தை அவள் மூக்கில் உட்கார வைத்து, லென்ஸ்களை ஒவ்வொன்றாகச் சொருகினார், எடுத்தார், மாற்றினார். "இப்போ? இப்போ? இது நல்லா இருக்கா, அது நல்லா இருந்துச்சா?" ஒரு லென்ஸில் அவள் தோள்கள் இறங்கின. அவை அதுவரை ஏறியிருந்ததே அப்போதுதான் தெரிந்தது.

"திருகாணி, ஒன்று புள்ளி நான்கு. மூக்குத்தாங்கி, மென்மை, ஜோடி" என்று தடுக்காமல் படித்தாள். பிறகு நிமிர்ந்தாள். "சே. இவ்வளவுதானா எழுதியிருக்கு?"

சித்தப்பா சிரித்தார். வேன் அக்கா சிரிக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து கைப்பையின் ஜிப்பைத் திறந்தார், மூடினார். "இத்தனை வருஷமாத் திட்டினேனே" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

"பரவாயில்லம்மா. நீ திட்டினதை நான் சரியாவே கேட்கல" என்றாள் மகள்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே அவள் முதுகில் ஒன்று வைத்தார்.

அவர்கள் ஃப்ரேம் பார்க்க முன்னால் வந்தார்கள். அம்மா விலையைப் பார்க்க, மகள் என் தட்டின் பக்கம் நழுவினாள். "அக்கா, ஒண்ணு கேட்கட்டுமா? கண்ணாடி போட்டா, இருக்கிறதை மட்டும்தான் படிக்கணுமா?"

நாவல்களிலிருந்து கடன் வாங்கிய பதில்கள் எனக்கு நிறையத் தெரியும். அவற்றை விட்டுவிட்டேன். "படிக்கும்போது இருக்கிறதைப் படி. மூடி வெச்சதுக்கு அப்புறம் உன் இஷ்டம்" என்றேன். "இந்தா, இதைப் பாரு. இதுல வர்ற பையனுக்கு ரெண்டு வீடு, ரெண்டு பேரு. அப்பா வீட்டுல ஒரு பேரு, அம்மா வீட்டுல ஒரு பேரு. பள்ளிக்கூடத்துல பேரைக் கேட்டா திருதிருன்னு முழிப்பான்."

"கடைசியில எந்தப் பேரை வெச்சுக்கறான்?"

"சொல்ல மாட்டேன்."

"எனக்கும் ரெண்டு பேரு இருக்கு. ஒண்ணு திட்டறதுக்கு மட்டும்." அடுத்ததை எடுத்தாள். "இது?"

"இது ஒரு எழுத்தாளரோட வாழ்க்கை. லிஃப்ட் இயக்கற வேலை பார்த்தவங்க. ஆள் ஏறி இறங்கற நேரத்துக்குள்ள எழுதணும். அதனால அவங்க கதை எல்லாம் ரெண்டு மாடி நீளம்தான்."

"நின்னுக்கிட்டேவா எழுதினாங்க?"

"மடக்கு நாற்காலி ஒண்ணு வெச்சிருந்தாங்க. மேலதிகாரி வந்தா அதுமேலயே நின்னு பல்பு மாத்தற மாதிரி நடிப்பாங்க."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "அப்போ எழுதறவங்க எல்லாருமே புளுகிங்கதானா?"

"வீட்டுல அப்படித்தான் கூப்பிட்டிருப்பாங்க."

"இதுல எதுலயாவது கண்ணாடி போட்ட பொண்ணு வர்றாளா? கடைசியில அதைக் கழட்டிட்டு அழகாயிடாம?"

யோசித்துப் பார்த்தேன். தட்டு முழுக்கத் தேடினாலும் ஒருத்திகூட இல்லை. மூக்குக் கண்ணாடிக் கடைக்காரிக்கு இது பெரிய அவமானம்.

அவர்கள் போனதும் குப்பைத்தொட்டியை நானே எடுத்து வந்து சித்தப்பா முன்னால் வைத்தேன். பேச்சு பேச்சாக இருக்க வேண்டும். அவர் அட்டையைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். பிறகு தொட்டியைக் காலால் தள்ளிவிட்டார்.

"சோதனைக்கு உக்கார்றவன் தடுக்கி விழணும். அப்பத்தான் எனக்குத் தெரியும். அதுக்கு இந்தத் திருகாணித் தாள் போதும்." அதை ஆணியில் மாட்டினார். "கண்ணாடி வாங்கிட்டுப் போறவன் தடுக்காம ஓடணும். கொடுக்கறப்போ சரிபார்க்க ஏதாவது படிக்கச் சொல்றோம்ல? அதுக்கு இதை வெச்சுக்கோ." அட்டையை முன் மேஜையில் வைத்தார்.

"அப்போ நான் வேலை தேட வேண்டாமா?"

"நீ எப்போ தேடின, இப்போ நிறுத்தறதுக்கு?"

வியாழக்கிழமை புளுகியின் கண்ணாடி தயாரானது. வட்டமான கருஞ்சிவப்பு ஃப்ரேம். அவளே தேர்ந்தெடுத்தது. அம்மா வேனில் இருந்தபடியே, "சீக்கிரம் வா, பிள்ளைங்க காத்திருக்கு" என்று கத்தினார். உள்ளே இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் அட்டையை நீட்டினேன்.

அவள் படித்தாள். இந்த முறை மெதுவாக, ஒவ்வொரு எழுத்தையும் அது அங்கேதான் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதுபோல. உப்பளம், பத்திரிகை, பாராட்டு. கடுகு எழுத்துக்கு வந்தாள். கதவு தட்டப்பட்டது. கையெல்லாம் மை. 'அண்ணன் வீட்டில் இல்லை.' நின்றாள். அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெள்ளை.

"மாவு எங்க?"

"அது நீ சொன்னது. அட்டையில இல்ல."

"புத்தகத்துல?"

"அதுலயும் இல்ல. பின் ஜன்னல் வழியா குதிச்சு ஓடிடறா."

அவள் புருவத்தைச் சுருக்கியபோது புதுக் கண்ணாடி மூக்கில் கொஞ்சம் ஏறி இறங்கியது. "ஓடிட்டா? தன்னைப் பார்க்க ஒருத்தர் அவ்வளவு தூரம் வந்திருக்காரு, இவ ஓடிட்டாளா?"

"ஆமா."

"அப்போ நான் சொன்னதுதான் நல்லா இருக்கு."

உள்ளே இயந்திரம் நின்றது. "நல்லாத்தான் இருக்கு" என்றது திரைக்குப் பின்னாலிருந்து சித்தப்பாவின் குரல். "எனக்கும் அந்த மாவுதான் பிடிச்சுது."

நான் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது.

வெளியே வேன் ஹாரன் அடித்தது. அந்த அக்கா ஹாரன் அடித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. புளுகி உப்பளத்து நாவலைத் தட்டிலிருந்து உருவிக்கொண்டு ஓடினாள்.

"ஏய், முடிவுதான் தெரிஞ்சு போச்சே!" என்றேன்.

"வேற எங்கெங்க தப்பா எழுதியிருக்காங்கன்னு பார்க்கணும்" என்று சொல்லிக்கொண்டே வேனில் ஏறினாள்.